தாழ்மையும் தாழ்த்தலும்: மங்காஃபிலிருந்து 'கருக்கு' வாசித்தல்

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்ற அடையாளம் அதற்கு விரைவிலேயே கிடைத்துவிட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தபின் அது உலகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. சாதி, பெண், மொழி என்று பல வாசல்கள் வழியாக அதனுள் நுழைந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு விவிலிய வாசிப்பாக, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையின் உள்ளே இருந்துகொண்டே அந்த நம்பிக்கையின் சொற்களை உரசிப் பார்க்கும் நூலாக, நம் விமர்சகர்கள் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த இறையியல் பகுதி அவசியமாகப் படவில்லை. சபைக்கு உள்ளே இருப்பவர்களோ நூலையே படிக்கவில்லை, படித்தவர்கள் வெளியே சொல்லவில்லை.

குவைத்தின் அஹ்மதி மாநிலத்தில், ஃபஹாஹீலை ஒட்டியிருக்கும் மங்காஃபில் வாழ்கிறவன் நான். இங்கிருந்து அந்த நூலை மறுபடி எடுத்துப் படித்தபோது, அதன் நடுவில் மூன்று சொற்கள் தொடர்ந்து மோதிக்கொள்வது தெரிந்தது: நீதி, இரக்கம், தாழ்மை. கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். மீகா தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரம், எட்டாம் வசனம். நாள்காட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் அச்சாகித் தேய்ந்துபோன வசனம் அது. அதைக் 'கருக்கு' எப்படிக் கூர்தீட்டுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

1

முதலில் அந்த வசனம் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மீகா கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், யூதாவின் தாழ்நிலப் பகுதியிலிருந்த மொரேசேத் என்ற சிற்றூரிலிருந்து வந்தவர். எருசலேமின் அரண்மனைக்காரரோ ஆலயத்துக்காரரோ அல்லர். இரவில் படுக்கையில் திட்டமிட்டு, விடிந்ததும் பிறர் வயலையும் வீட்டையும் பறித்துக்கொள்கிறவர்களைப் பற்றி அவர் இரண்டாம் அதிகாரத்திலேயே பேசிவிடுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் கைக்கூலி வாங்கித் தீர்ப்புச் சொல்லும் தலைவர்களும், கூலிக்குப் போதிக்கும் ஆசாரியர்களும் வருகிறார்கள். ஆறாம் அதிகாரத்தில், கடவுளுக்கு என்ன கொண்டுவருவது என்ற கேள்வி எழுகிறது. கன்றுகளா, ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா, ஆறுகளாகப் பாயும் எண்ணெயா? அந்தக் கேள்விக்கான பதில்தான் எட்டாம் வசனம். அதற்கு மூன்று வசனங்கள் தள்ளிக் கள்ளத்தராசும் கள்ளப்படிக்கற்களும் பேசப்படுகின்றன. வசனத்தை இந்தச் சந்தையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டும்போதுதான் அது அலங்காரமாகிறது.

வசனத்தில் மூன்று வினைகள் இருக்கின்றன. நீதியைச் செய்ய வேண்டும், இரக்கத்தை நேசிக்க வேண்டும், கடவுளோடு தாழ்மையாக நடக்க வேண்டும். நீதி முதலில் வருகிறது. அது உணர்வாகச் சொல்லப்படவில்லை, செய்யவேண்டிய காரியமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவதாக வரும் எபிரேயச் சொல் 'ஹெசெத்'. நாம் இரக்கம் என்று சொல்லும்போது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்க்கும் பார்வை அதில் ஒட்டிக்கொள்கிறது. ஹெசெத்தில் உடன்படிக்கைக்குள் இருக்கும் இருவருக்கிடையிலான விசுவாசமும் உண்டு, ஒருவர் மற்றவருக்குக் கடமைப்பட்டிருக்கும் பற்று அது. மூன்றாவது, தாழ்மை. அது யாருக்கு முன் என்பதை வசனமே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கடவுளுக்கு முன். நிலச்சுவான்தாருக்கு முன் என்றோ, பங்குச்சாமியாருக்கு முன் என்றோ, கம்பெனி மேலாளருக்கு முன் என்றோ அது சொல்லவில்லை.

தமிழில் இந்த மூன்றாவது சொல்லுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் தாழ்ச்சி என்கிறோம். சீர்திருத்த சபையார் தாழ்மை, மனத்தாழ்மை என்பார்கள். எல்லாவற்றுக்கும் வேர் 'தாழ்'. அதே வேரிலிருந்துதான் 'தாழ்ந்த சாதி' என்ற வசவு பிறந்தது, அதே வேரிலிருந்துதான் அதற்கு எதிரான 'தாழ்த்தப்பட்டோர்' என்ற அரசியல் சொல்லும் பிறந்தது. தாழ்வது தன்வினை, தாழ்த்துவது பிறவினை. தானாகக் குனிகிறவனுக்கும் கழுத்தைப் பிடித்துக் குனிய வைக்கப்பட்டவனுக்கும் முதுகின் வளைவு ஒன்றுபோலத்தான் தெரியும். தமிழில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர் இந்த இலக்கண வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், தாழ்த்தப்பட்டதையே புண்ணியமாக்கிவிடுவார். 'கருக்கு' கண்டுபிடித்துச் சொல்வது இதைத்தான்.

2

நூலில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்ட ஒரு காட்சி உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய், மேல்சாதிக்காரரிடம் குனிந்து கொடுக்கிறார். சிறுமிக்கு அது சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபிறகுதான் தொட்டால் தீட்டு என்பதால் அப்படிப் பிடித்தார் என்பது தெரிகிறது. இந்தக் காட்சியைத் தீண்டாமைக்கான சான்றாக மட்டும் படிப்பது வழக்கம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெரியவரின் உடலசைவு, வெளியிலிருந்து பார்த்தால், பணிவின் உடலசைவு. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் நற்பண்பு அவர் உடம்பில் பூரணமாக இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு குழந்தை சிரிக்கிறது, பிறகு கோபப்படுகிறது. அந்தக் கோபத்தை நற்பண்புக்கு எதிரான பாவம் என்று சபை சொல்லுமா, சொல்லாதா?

இதற்கான பதில் தேங்காய்ச் சம்பவத்தில் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது விழுந்த தேங்காயைத் திருடியதாகச் சிறுமியின் மேல் பழி விழுகிறது. தலைமையாசிரியர் எல்லார் முன்னும் சாதியைச் சொல்லித் திட்டுகிறார். சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார். சாமியாரும் விசாரிக்கவில்லை. சேரிப்பிள்ளைதானே, செய்திருக்கும் என்பதே அவருடைய முதல் எண்ணமாக இருக்கிறது. பிறகு கடிதம் கிடைக்கிறது, வகுப்புக்குள் விடப்படுகிறாள். முடிவில் இரக்கம் காட்டப்பட்டதாகக் கணக்கு. நீதி மட்டும் வரவில்லை. அவள் திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. இரக்கம் நீதியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறிய, துல்லியமான எடுத்துக்காட்டைத் தமிழில் நான் படித்ததில்லை. குற்றம் செய்யாதவள் மன்னிப்புப் பெற்றவளாக வெளியே வருகிறாள்.

பின்னாளில் ஆசிரியையாக வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார் கதைசொல்லி. ஏழைகளுக்காக உழைத்த சபை நிறுவனரைப் பற்றிப் படித்ததுதான் உந்துதல். உள்ளே போனபின் பார்ப்பது வேறு. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். அவர்கள் நடத்தும் பள்ளிகள் பணக்காரப் பிள்ளைகளுக்கானவையாக இருக்கின்றன. சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்ற பேச்சும் காதில் விழுகிறது. இந்தப் பகுதியில்தான் நூலின் மையமான குற்றச்சாட்டு வருகிறது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்: ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தாழ்ச்சியும் கீழ்ப்படிதலும் பொறுமையும் சாந்தமும் திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்பட்டன. கடவுள் நீதியுள்ளவர், அநியாயம் கண்டு சினப்படுகிறவர், ஏற்றத்தாழ்வைப் பொறுக்காதவர் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

மீகாவின் வசனத்தை அருகில் வைத்துப் பார்த்தால், பாமா சொல்வது நம்பிக்கைக்கு எதிரானதே அல்ல. மூன்று கட்டளைகளில் முதலாவதை நீக்கிவிட்டு மூன்றாவதை மட்டும், அதுவும் 'கடவுளுக்கு முன்' என்ற பகுதியை அழித்துவிட்டு, ஒரு சாராருக்கு மட்டும் கொடுத்திருக்கிறீர்கள் என்கிறார். மென்பொருள் தொழிலில் முதல் படி முடியாமல் மூன்றாம் படியை ஓட்டினால் திரையில் உடனே பிழை தெரிந்துவிடும். சபை வாழ்வில் அப்படி எதுவும் தெரிவதில்லை. பல தலைமுறைகள் அமைதியாகவே ஓடும்.

நூலின் தலைப்பையும் இங்கே நினைக்கலாம். பனைமட்டையின் இருபுறமும் இருக்கும் ரம்பப்பல் கருக்கு. முன்னுரையில் பாமா அதை எபிரெயர் திருமுகத்தில் வரும் இருபுறமும் கூரான வாளோடு சேர்த்துப் பேசுகிறார். விவிலியத்தை வெளியே வீசிவிட்டு எழுதியவர் செய்யும் காரியம் அல்ல அது. வேதத்தின் கூர்முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்பவர் செய்வது.

3

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தச் சண்டை பாமாவோடு தொடங்கியதும் அல்ல. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870களில் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோயிலுக்குக் கால்சட்டைபோல இரண்டு கிளைகள் இருந்தன. ஒன்று வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கு, மற்றது நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு. நடுவில் தடுப்பு. 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது வெள்ளாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் ஆயர் என்ற அந்த வழக்கில், கிறிஸ்தவ ஆலயத்தில் சாதித் தடுப்பைக் கேட்கும் உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் முடித்தது. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்பவர்களுக்கிடையே சுவர் எழுப்பும் உரிமையைக் கேட்டுக் கிறிஸ்தவர்கள் காலனிய நீதிமன்றத்தின் படியேறினார்கள் என்பது நம் வரலாற்றில் உள்ளது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2016 டிசம்பரில்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 'கருக்கு' வந்து இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்றையும் சேர்த்து வாழ முயன்ற ஒரு தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தாளர் நமக்கு உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். 1859இல் 'நீதிநூல்' எழுதினார். அதில் கைக்கூலியைப் பற்றி எழுதும்போது சொல்லில் தேன் தடவவே இல்லை. தன் சொந்தத் துறையைத்தான் அவர் சாடுகிறார் என்பதை மறக்கக்கூடாது. ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், கட்சிக்காரனும் தமிழன், நீதிபதியும் தமிழன் என்றிருக்க வக்கீல் மட்டும் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கேலி செய்தார். சட்டம் யாருக்காக இருக்கிறதோ அவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால் அது நீதியில்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது. தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, தன் கைப்பொருளைச் செலவழித்து மக்களுக்குக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். தேவமாதாவுக்கு அந்தாதி எழுதிய கையால் சர்வ சமயக் கீர்த்தனைகளும் எழுதியவர் அவர், தன் மதம் மட்டுமே கடவுளைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது என்று நினைக்காதவர். கடவுள் முன் தாழ்மை என்பதற்கு இதுவும் ஒரு பொருள்தான்.

ஆனாலும் வேதநாயகம் பிள்ளையையும் பாமாவையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவருடைய உலகில் நீதி மேலிருந்து வருகிறது. நல்ல அரசன், நல்ல முன்சீப், நல்ல தனவான் வேண்டும் என்கிறார். அவருடைய ஞானாம்பாள்கூட ஆண்வேடத்தில் அரியணை ஏறியபின்தான் நீதி வழங்க முடிகிறது. பஞ்சத்தில் கஞ்சி வாங்கியவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது நமக்கு எழுத்தில் கிடைக்கவில்லை. 'கருக்கு' கஞ்சி வாங்கிய வரிசையிலிருந்து எழுதப்பட்ட நூல். பிள்ளை தருகிறவரின் கடமையைச் சொன்னார். பாமா பெறுகிறவரின் உரிமையைச் சொன்னார். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு அந்த இடத்தைக் கடக்க நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

4

மங்காஃபுக்கு வருகிறேன். 2024 ஜூன் 12, புதன்கிழமை அதிகாலை, தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. தரைத்தளத்தில் ஹாரிஸின் அறையில் மின்கசிவு என்று விசாரணையில் சொன்னார்கள். ஐம்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தீயில் எரிந்தவர்களைவிடப் புகையில் மூச்சடைத்தவர்கள் அதிகம். அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருளில் பார்ட்டிஷன் போட்டிருந்ததாகவும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததாகவும் செய்திகள் வந்தன. குவைத்தின் துணைப் பிரதமர் சம்பவ இடத்திலேயே நின்று, கட்டட உரிமையாளர்களின் பேராசைதான் காரணம் என்றார். ஜூன் 14 அன்று இந்திய விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. கேரளத்தவர் இருபத்துமூன்று பேர், தமிழர்கள் ஏழு பேர், கர்நாடகத்தவர் ஒருவர் அங்கே இறக்கப்பட்டார்கள். மற்றவர்களோடு விமானம் டெல்லிக்குப் போனது.

ஜூன் 14 வெள்ளிக்கிழமை. இங்கே ஞாயிறு வேலைநாள், வெள்ளிதான் எங்களுக்கு ஆராதனை நாள். அன்றும் அதற்குப் பின்வந்த வாரங்களிலும் நான் கேட்ட பிரசங்கங்கள், கலந்துகொண்ட ஜெபக்கூட்டங்கள் எல்லாவற்றிலும் இரக்கம் நிறைய இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கட்டில் ஒன்றை இருவர் ஷிப்டு போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பெட் ஸ்பேஸ்காரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஐந்து தினார், பத்து தினார் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். தாழ்மையும் பேசப்பட்டது. மனித வாழ்வு புல்லைப் போன்றது, நாளை நம் கையில் இல்லை, ஆகவே நம்மைத் தாழ்த்துவோம் என்றார்கள். பூட்டிய கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வி ஜெபத்தில்கூட வரவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் எல்லாரும் ஒரு கையெழுத்தில் இருக்கிறோம். இகாமா கஃபீலின் பெயரில் இருக்கிறது. சபை கூடும் இடமும் இந்நாட்டின் அனுமதியில்தான் இருக்கிறது, அந்த அனுமதியே வளைகுடாவின் பல இடங்களில் எளிதில் கிடைக்காத ஒன்று. ஆகவே மேடையிலிருந்து என்ன பேசலாம் என்பதற்கு எல்லை உண்டு. ஆனால் தேங்காய்ச் சம்பவத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கேயும் சாமியாருக்குத் தலைமையாசிரியரைப் பகைத்துக்கொள்ள முடியாத காரணங்கள் இருந்திருக்கும். நீதியைத் தள்ளிவைப்பதற்குக் காரணம் இல்லாத காலம் என்று ஒன்று எந்த ஊரிலும் இருந்ததில்லை. மீகாவின் எருசலேமிலும் இருந்திருக்காது.

தவிரவும், நீதி என்றவுடன் கொடி பிடிப்பதையே நினைக்க வேண்டியதில்லை. குவைத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்று 2015ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஆண்டு விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக்கூடாது என்பவை அதில் உள்ளன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை பதினொன்று முதல் மாலை நான்கு மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. இவை நாட்டின் சட்டங்கள், இவற்றைச் சொல்வது கலகம் இல்லை. எங்கள் சபைகளில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் எத்தனை பெண்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை? எஜமானியம்மா ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா எங்கே இருக்கிறார்? தன் வீட்டு அலமாரியில் இருக்கும் இன்னொருவரின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுப்பதற்கு எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை. வேதநாயகம் பிள்ளை தீர்ப்புகளைத் தமிழாக்கியது போல, இந்தச் சட்டங்களைத் தமிழில் அச்சடித்துச் சபை வாசலில் வைப்பதற்கும் யாரும் தடை சொல்லப்போவதில்லை.

'கருக்கு' நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் சங்கடமான இடம் இதுதான். தீ விபத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள். வீட்டு வேலைக்காரரைப் பற்றிப் பேசும்போது எங்களில் சிலர் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறவர்கள்.

5

இவ்வளவு சொன்னபிறகு, 'கருக்கு' மீது எனக்கிருக்கும் ஒரு கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்கிறேன். மடத்தைப் பற்றிய பகுதிகளில் கன்னியர்கள் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே வருகிறார்கள். அவர்களுடைய பேச்சு கேட்கிறது, முகம் தெரிவதில்லை. தயங்கியவர்கள், உள்ளுக்குள் வெட்கப்பட்டவர்கள் அங்கே ஒருவராவது இருந்திருப்பார்கள் என்று வாசக மனம் தேடுகிறது. கதைசொல்லி கல்லூரிக்குப் போகத் துணைநின்ற சிஸ்டரைப் பற்றிய நினைவு நூலில் இருக்கிறது. அந்த ஒளி பின்பகுதிக்கு வந்து சேரவில்லை. எதிராளிக்கும் ஒரு முகம் கொடுப்பது எழுத்தாளர் காட்டக்கூடிய ஹெசெத். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இதில் வேறு திசையில் போகிறது. ஆமந்துறையின் காகு சாமியாருக்கும் தொம்மந்திரைக்கும் அவர் தரும் விரிவில், நம்பிக்கை என்பது நிறுவனத்தைத் தாண்டிச் சில மனிதர்களின் நடையில் வாழும் விதம் தெரிகிறது. ஆனால் அந்த நாவலின் வாசகன் அந்த நல்ல மனிதர்களிலேயே மனம் நிறைந்து, நிறுவனத்தைக் கேள்வி கேட்காமல் போய்விடக்கூடும். பாமா அந்த வசதியை நமக்குத் தரவில்லை. என் கருத்து வேறுபாடு இருக்கட்டும், அவசரம் எந்த நூலுக்கு என்று கேட்டால் நான் 'கருக்கு' பக்கமே நிற்பேன்.

இன்னொரு விஷயம், நூலின் நடையைப் பற்றியது. ஆரம்பத்தில் பலர் 'கருக்கு'வின் பேச்சுத் தமிழை இலக்கணமில்லாத எழுத்து என்று குறை சொன்னார்கள். காலவரிசை இல்லை, சம்பவங்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன, கதைசொல்லி தன் பெயரைக்கூட முன்னால் நிறுத்தவில்லை, அடிக்கடி 'நான்' கரைந்து 'நாங்க' ஆகிவிடுகிறது. தன்வரலாறு என்ற வடிவம் பொதுவாக எழுதுகிறவரை உயர்த்திக் காட்டும். இங்கே அது நடக்கவில்லை. படித்து ஆசிரியையாகி மடத்திலும் சேர்ந்த ஒரு பெண், தான் கற்ற செந்தமிழைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டியின் மொழியில் பேசுகிறார். தன் மக்கள் முன் அவர் குனிகிறார், அவர்களை மிதித்தவர்கள் முன் குனிய மறுக்கிறார். தாழ்மையின் போதனையை எதிர்த்து எழுதப்பட்ட நூலிலேயே, அதன் நடையில், உண்மையான தாழ்மை இருக்கிறது. மடத்தில் சொல்லித்தந்த தாழ்ச்சியிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது ஒன்றுதான்: இது அவரே தேர்ந்தெடுத்தது. தன்வினை.

இதனால்தான் பாமா தாழ்மையை எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. நீதி இருக்கும் இடத்தில்தான் ஒருவர் தாழ்வதா நிமிர்வதா என்று தேர்ந்தெடுக்க முடியும். கேட்கும் உரிமை உள்ளவர் கேட்காமல் விட்டுக்கொடுத்தால் அது தாழ்மை. உரிமையே இல்லாதவர் கேட்காமல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. மீகா நீதியை முதலில் வைத்ததற்கு நான் புரிந்துகொள்ளும் காரணம் இதுவே. இரக்கமும் தாழ்மையும் சுயமாக நிற்க வேண்டுமென்றால் அடியில் அது இருக்க வேண்டும்.

மடத்தை விட்டு வெளியேறிய பாமா, பிறகு உத்திரமேரூர்ப் பக்கம் ஓங்கூர் என்ற கிராமத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசைதான் அவரை மடத்துக்குள் கொண்டுபோனது, அந்த ஆசை மடத்துக்கு வெளியே நிறைவேறியது. எங்கள் சபைகளில் வாசிப்பு வட்டங்கள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை மதியங்களில் கூடுகிறார்கள், பெரும்பாலும் சாட்சி நூல்களும் தியானக் கையேடுகளும் படிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 'கருக்கு' இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. படிக்கும்போது தங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தால், யார் எந்தப் பக்கத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்பது அந்த அறையில் இருப்பவர்களுக்கே தெரியவரும்.